ஆபீஸ் 2019 உள்ள லேப்டாப்பில் 2024 கீயைப் போட்டால் "செல்லாத கீ" என்கிறது. கீயில் கோளாறா, முறையில் கோளாறா?

பேரேடு_ஈரோடு கேட்டது:

வணக்கம். நான்கு கணினி உள்ள சிறிய கணக்கு அலுவலகம். எல்லாமே விண்டோஸ் 11. இரண்டு லேப்டாப் பற்றிக் கேட்க வேண்டும்.

முதலாவது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கும்போதே ஆபீஸ் ப்ரொஃபஷனல் பிளஸ் 2019 அதில் இருந்தது. இப்போது வேர்டு, எக்செல் இரண்டிலும் தலைப்புப் பட்டை சிவப்பாகி, லைசென்ஸ் இல்லை என்று வருகிறது. கடையில் ஜிஎஸ்டி பில்லோடு ஹோம் அண்டு பிசினஸ் 2024 அட்டை வாங்கினோம். ஃபைல், அக்கவுண்ட், சேஞ்ச் ப்ராடக்ட் கீ போய் 25 எழுத்தையும் போட்டால் ஏற்க மறுக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில், கீயைப் போடுகிற இன்ப்கீ கட்டளையிலும் முயன்றோம். 0எக்ஸ்சி004எஃப்050 என்று பிழை வந்தது. அட்டை போலியா? பழையதை அழித்துவிட்டுத்தான் போட வேண்டுமா? அவுட்லுக்கில் 6 ஜிபி பழைய மெயில் இருக்கிறது, எக்செலில் மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) இருக்கின்றன. அவை போய்விடுமா?

இரண்டாவது, 2023இல் புதிதாக வாங்கியது. கூடவே ஹோம் அண்டு ஸ்டூடண்ட் 2021 வந்தது. அப்போது வேலையில் இருந்தவர் தன் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதை ஆக்டிவேட் செய்துவிட்டார். இப்போது அவர் இங்கே இல்லை. அதை அலுவலகக் கணக்குக்கு மாற்ற முடியுமா?

சர்வர்_அறை:

முதல் லேப்டாப்பைப் பார்ப்போம் சார். அந்தப் பிழையை வைத்து அட்டை போலி என்று முடிவுகட்ட வேண்டாம். எஃப்050 வந்தால், கணினியில் இப்போது இருக்கிற ஆபீஸுக்கு அந்தக் கீயை அடையாளம் தெரியவில்லை என்று பொருள். எழுத்துப் பிழை இருந்தாலும் வரும், வேறு தயாரிப்பின் கீயைப் போட்டாலும் வரும். இதற்குப் பக்கத்தில் எஃப்069 என்று ஒரு பிழை உண்டு. கீ புரிகிறது, ஆனால் அந்தப் பதிப்பின் லைசென்ஸ் கோப்புகள் இங்கே இல்லை என்று அது சொல்லும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: சரியான பதிப்பை நிறுவ வேண்டும்.

சேஞ்ச் ப்ராடக்ட் கீ என்ற பெயர்தான் பலரைக் குழப்புகிறது. கீயை மாற்றினால் தயாரிப்பே மாறிவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பொத்தானுக்கு வேலை ஒன்றே ஒன்று: அதே ஆண்டு, அதே பதிப்பு, அதே விற்பனை வழி, இந்த மூன்றும் பொருந்துகிற வேறொரு கீயைப் போடுவது. உங்களிடம் இருப்பது 2019, ப்ரொஃபஷனல் பிளஸ், வால்யூம் (நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது). வாங்கியிருப்பது 2024, ஹோம் அண்டு பிசினஸ், ரீட்டெயில் (கடையில் தனியாக விற்பது). மூன்றுமே வேறு. ஆபீஸை நிறுவும்போது அந்தப் பதிப்புக்கான லைசென்ஸ் கோப்புகள் மட்டுமே கணினியில் இறங்கும், அதனால் வேறு பதிப்பின் கீயை எத்தனை முறை போட்டாலும் ஒட்டாது.

கடை அட்டையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதில் உள்ள 25 எழுத்து, ஆபீஸுக்குள் நேராகப் போடுவதற்கானது அல்ல. உலாவியில் மைக்ரோசாஃப்டின் செட்டப் பக்கத்துக்குப் போய், ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அங்கே ஒரே ஒரு முறை ரிடீம் செய்ய வேண்டும், அதாவது அட்டையை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிறகு அந்தக் கணக்கிலிருந்துதான் இன்ஸ்டாலரை இறக்குவோம். அட்டை நல்லதா என்பதும் அந்தப் பக்கத்தில்தான் தெரியும். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தால் உடனே பில்லோடு கடைக்குப் போங்கள். கடைக்காரர் இன்னும் இயக்கவில்லை என்ற பொருளில் செய்தி வந்தால், பில் போடும்போது கவுண்டரில் அட்டையை ஸ்கேன் செய்து இயக்கத் தவறியிருக்கிறார்கள். அதைக் கடையிலேயே சரிசெய்யலாம்.

எழுத்துகளை ஒருமுறை சரிபாருங்கள். மைக்ரோசாஃப்ட் கீகளில் 0, 1, 5 ஆகிய எண்கள் வராது. ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஐந்து உயிரெழுத்துகளும், எல், எஸ், இசட் எழுத்துகளும் வராது. ஆகவே பூஜ்யமா ஓவா என்ற சந்தேகமே எழக் கூடாது. எழுந்தால் அது க்யூ அல்லது டி ஆக இருக்கும். உண்மையாகவே மாறிப்போவது இரண்டு ஜோடி: 8-உம் அதைப் போலவே தெரியும் பி-யும், 6-உம் அதைப் போலவே தெரியும் ஜி-யும். நாணயத்தால் அழுத்திச் சுரண்டி எழுத்தே போய்விட்ட அட்டைகளும் உண்டு. நகத்தால் மெல்லச் சுரண்டினால் போதும்.

எதையும் அழிப்பதற்கு முன் தற்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை வலது கிளிக் செய்து அட்மினாகத் திறங்கள். அட்மினாகத் திறக்காவிட்டால் கீயைப் போடுகிற, எடுக்கிற கட்டளைகளுக்கு அனுமதி மறுப்புப் பிழை வரும். சி டிரைவில் ப்ரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், ஆபீஸ்16 என்ற ஃபோல்டருக்குப் போங்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆபீஸ் இருந்தால் எக்ஸ்86 என்று முடியும் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும். 2016, 2019, 2021, 2024 நான்குக்குமே ஃபோல்டர் பெயர் ஆபீஸ்16தான், 19 என்று தேடிக் காணோமே என்று அலைய வேண்டாம். அங்கே:

சிஸ்கிரிப்ட் ஓஎஸ்பிபி.விபிஎஸ் /டிஸ்டேட்டஸ்

ஆங்கில எழுத்தில் தட்டும்போது, சாய்கோட்டுக்கு அடுத்து டி (டிஸ்க் என்பதன் முதல் எழுத்து), அதை ஒட்டியே ஸ்டேட்டஸ், நடுவில் இடைவெளி கிடையாது. வருவதில் மூன்று வரிகளை இங்கே போடுங்கள்: லைசென்ஸ் விவரம், லைசென்ஸ் நிலை, கீயின் கடைசி 5 எழுத்து.

நீலத்திரை:

மெயில், மேக்ரோ பற்றி நான் சொல்கிறேன். ஆபீஸை அன்இன்ஸ்டால் செய்தால் அவை அழிவதில்லை. என்றாலும் நகல் எடுக்காமல் தொடாதீர்கள்.

அவுட்லுக்கை முழுதாக மூடிய பிறகு, மெயில்கள் சேமிக்கப்பட்டிருக்கும் பிஎஸ்டி கோப்பை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். திறந்திருந்தால் கோப்பு பூட்டப்பட்டிருக்கும். வழக்கமாக டாக்குமெண்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் கிடைக்கும். அங்கே இல்லையென்றால் அவுட்லுக்கில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் பகுதியில் பாதை தெரியும். ஓஎஸ்டி என்று முடியும் கோப்பு சர்வரில் உள்ள மெயிலின் பிரதி, அது மறுபடி இறங்கிக்கொள்ளும். பாப் முறையில் (மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) மெயில் எடுத்து சர்வரில் பிரதி வைக்காதவர்களுக்கு பிஎஸ்டிதான் ஒரே ஆதாரம். அதை நகலெடுத்த பின் இன்னொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

மேக்ரோக்கள் அந்தந்தக் கோப்புக்குள் இருந்தால் கவலையில்லை. எல்லாக் கோப்பிலும் ஓடுகிற மேக்ரோ என்றால் அது பர்சனல் என்ற பெயரில் எக்ஸ்எல்எஸ்பி கோப்பாக, ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், எக்செல், எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டரில் இருக்கும். அதே மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரில் டெம்ப்ளேட்ஸ், சிக்னேச்சர்ஸ், யூப்ரூஃப் மூன்றையும் சேர்த்து எடுங்கள். யூப்ரூஃபில்தான் நீங்கள் சேர்த்த அகராதிச் சொற்கள் இருக்கும். கட்சிக்காரர் பெயர், ஊர்ப் பெயர் என்று வருடக்கணக்கில் சேர்த்ததை இழந்தால் மறுபடி எல்லாப் பெயருக்கும் சிவப்புக் கோடு விழும்.

மறக்கக் கூடாத இன்னொன்று, 32 பிட்டா 64 பிட்டா என்பது. எக்செலில் ஃபைல், அக்கவுண்ட், அபௌட் எக்செல் திறந்தால் மேல் வரியிலேயே தெரியும். இப்போதைய இன்ஸ்டாலர் நீங்கள் எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் 64 பிட்டைப் போடும். பழையது 32 ஆக இருந்து, மேக்ரோவில் விண்டோஸ் ஃபங்ஷன்களை டிக்ளேர் என்று அறிவித்திருந்தால், பிடிஆர்சேஃப் என்ற சொல் இல்லாத வரிகள் 64இல் ஓடாமல் நின்றுவிடும். கணக்கு மென்பொருளிலிருந்து ஓடிபிசி என்ற தரவு இணைப்பு வழியாக எக்செலுக்குத் தரவு இழுக்கிறவர்களுக்கும் இதே சிக்கல்தான், டிரைவரும் எக்செலும் ஒரே பிட்டில் இருந்தாக வேண்டும். பிறகு மாற்றுவதென்றால் முழுதாக நீக்கி மறுபடி நிறுவ வேண்டும், அதனால் இப்போதே முடிவு செய்யுங்கள். கணக்குப் பக்கத்தில் இன்ஸ்டால் அழுத்தும் இடத்தில் மற்ற விருப்பங்களுக்குள் 32 பிட் கிடைக்கும்.

ப்ரொஃபஷனல் பிளஸ் 2019இல் அக்சஸும் பப்ளிஷரும் இருந்தன. ஹோம் அண்டு பிசினஸ் 2024இல் வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட், ஒன்நோட், அவுட்லுக் மட்டும். பப்ளிஷரில் செய்த லெட்டர்பேடு, விசிட்டிங் கார்டு இருந்தால் அழிப்பதற்கு முன்பே பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடுங்கள்.

பேரேடு_ஈரோடு:

மிக்க நன்றி. செட்டப் பக்கத்தில் அட்டையை ஏற்றுக்கொண்டது, ஆக அட்டை நல்லதுதான். இன்னும் இன்ஸ்டால் செய்யவில்லை. டிஸ்டேட்டஸில் வந்தது: விவரத்தில் வால்யூம் கேஎம்எஸ்கிளையண்ட், நிலையில் நோட்டிஃபிகேஷன்ஸ், பிழை சி004எஃப்074, கடைசி ஐந்து 6எம்டபிள்யூகேபி. கீழே ரெஜிஸ்ட்ரி ஓவர்ரைடு என்ற வரியில் ஏதோ ஒரு இணையத்தள முகவரியும் 1688 என்ற எண்ணும் இருக்கின்றன. அது என்ன முகவரி என்றே தெரியவில்லை.

சர்வர்_அறை:

இதைச் சொன்னது மிகவும் நல்லது. அந்த வரியில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

6எம்டபிள்யூகேபி என்று முடிவது, ப்ரொஃபஷனல் பிளஸ் 2019க்கு மைக்ரோசாஃப்டே தன் தளத்தில் வெளியிட்டிருக்கும் பொதுக் கீ. 2016க்கு டபிள்யூஎஃப்ஜி99 என்று முடியும். இவற்றுக்குத் தனியாக எந்த உரிமையும் கிடையாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்குக்குள் கேஎம்எஸ் சர்வர் ஒன்றை வைத்திருக்கும். ஊழியர்களின் கணினிகள் இந்தப் பொதுக் கீயோடு, 1688 என்ற போர்ட் வழியாக அந்தச் சர்வரிடம் போய் அனுமதி வாங்கும். ஒருமுறை வாங்கினால் 180 நாள் செல்லும். 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க முயலும். ஆபீஸுக்கு அனுமதி கொடுக்க அந்தச் சர்வரிடம் குறைந்தது 5 கணினிகள் கேட்டிருக்க வேண்டும். எஃப்074 என்றால் சர்வரைத் தொட முடியவில்லை என்று பொருள். நிறுவனத்திலிருந்து விலைக்கு வந்த லேப்டாப்பில் 180 நாளில் ஆபீஸ் சிவப்பாவது இதனால்தான்.

ஆனால் உங்களுடையதில் ஓவர்ரைடு வரியில் வெளி இணைய முகவரி இருக்கிறது. நிறுவனத்தின் உள் சர்வருக்கு அப்படி இருக்காது. யாரோ கிராக் ஸ்கிரிப்டு (உரிமம் வாங்காமல் ஓட வைக்கும் திருட்டு நிரல்) ஓட்டி, ஊர் பேர் தெரியாத ஒரு சர்வரிடம் அனுமதி வாங்க வைத்திருக்கிறார்கள். அந்தச் சர்வர் நின்றுபோனதால் ஆபீஸும் நின்றது. லைசென்ஸைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. இப்படிப்பட்ட ஸ்கிரிப்டுகளில் பல, தாங்கள் பிடிபடாமலிருக்க விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் விலக்குப் பட்டியல் சேர்க்கும், தானாகவே ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் வேலை ஒன்றைப் போட்டு வைக்கும். கட்சிக்காரர்களின் பான், ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, நெட் பேங்கிங் எல்லாம் ஓடுகிற இயந்திரம் இது. என் கருத்து திட்டவட்டமானது: ஆபீஸை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். நீலத்திரை சொன்ன நகல்களை எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக யுஎஸ்பியிலிருந்து நிறுவுங்கள். அரை நாள் வேலைதான். விண்டோஸும் உண்மையாகவே ஆக்டிவேட் ஆகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பெரிய கம்பெனி லேப்டாப்பாக இருந்தால் மதர்போர்டிலேயே விண்டோஸ் கீ பதிந்திருக்க வாய்ப்பு அதிகம், அதுவாகவே எடுத்துக்கொள்ளும்.

இன்றே செய்ய நேரமில்லை, ரிட்டர்ன் கெடு நெருங்குகிறது என்றால், தற்காலிகமாக இந்த வரிசையில் போங்கள். ஆபீஸை நீக்குவதற்கு முன்னாலேயே:

சிஸ்கிரிப்ட் ஓஎஸ்பிபி.விபிஎஸ் /அன்ப்கீ:6எம்டபிள்யூகேபி
சிஸ்கிரிப்ட் ஓஎஸ்பிபி.விபிஎஸ் /ரெம்ஹெச்எஸ்டி

முதலாவது பழைய கீயை எடுக்கும். இரண்டாவது அந்தச் சர்வர் முகவரியை அழிக்கும். ஆபீஸை நீக்கினால் ஓஎஸ்பிபி கோப்பும் சேர்ந்தே போய்விடும், அதனால்தான் இந்த வரிசை. பிறகு செட்டிங்ஸ், ஆப்ஸ் வழியாக 2019ஐ நீக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட்டைத் தவிர்க்காதீர்கள், சில கோப்புகள் அப்போதுதான் போகும். டிஃபெண்டரில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேர்க்காதது இருந்தால் எடுத்துவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள். அடுத்து ரிடீம் செய்த கணக்கில் நுழைந்து, இன்ஸ்டாலரை இறக்கி, வேர்டைத் திறந்து அதே கணக்கில் சைன் இன் செய்தால் போதும். 25 எழுத்தை மறுபடி எங்கேயும் கேட்காது.

இன்ஸ்டாலுக்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் சீமாஸ் பேட்டரி (கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரி) தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காமல் ஆக்டிவேஷன் தோற்கும், பழி மட்டும் கீ மேல் விழும்.

தட்டச்சு_மேசை:

இரண்டாவது லேப்டாப்புக்கு என் பதில்.

மாற்ற முடியாது. ஒரு கணக்கில் ரிடீம் ஆன ஒருமுறை வாங்கும் ஆபீஸை இன்னொரு கணக்குக்கு மாற்ற வழி கிடையாது. லேப்டாப்போடு வந்தது என்பதால் வேறு கணினிக்கும் போகாது. இப்போது ஆக்டிவேட் ஆகியிருப்பது ஆகியிருக்கும். பழைய ஊழியர் தன் கணக்கை சைன் அவுட் செய்தாலும் அந்த இயந்திரத்தில் ஆபீஸ் ஓடும். ஆனால் விண்டோஸ் ரீசெட் செய்தாலோ டிஸ்க் மாற்றினாலோ, மறுபடி நிறுவ அவர் கணக்கே தேவைப்படும்.

இது தவிர, ஹோம் அண்டு ஸ்டூடண்ட் 2021இன் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல. கணக்கு அலுவலகத்தில் அதை வைத்து வேலை செய்வதே நிபந்தனைக்கு மாறானது. 2021க்கு ஆதரவும் 2026 அக்டோபர் 13 வரைதான். ஆகவே அந்தக் கணக்கைத் துரத்திக்கொண்டிருக்காமல், இதற்கும் ஒரு ஹோம் அண்டு பிசினஸ் 2024 வாங்கிவிடுவது நல்லது. அதன் ஆதரவு 2029 அக்டோபர் 9 வரை உண்டு.

வாங்கும்போது இரண்டை நினைவில் வையுங்கள். ஒன்று, கணக்கு. ஊழியர் பெயரில் வேண்டவே வேண்டாம். அலுவலகத்துக்கென்று ஒரு மெயிலில் மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி, மீட்பு எண்ணாக உரிமையாளரின் கைபேசியைக் கொடுங்கள். நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் 365 வேலைக் கணக்கில் இந்தக் கடை அட்டைகளை ரிடீம் செய்ய முடியாது, தனிநபர் வகைக் கணக்கே வேண்டும். ஒரே கணக்கில் நான்கு ஆபீஸைச் சேர்த்தால் பட்டியலில் நான்கும் ஒரே பெயரில் தெரியும், எது எந்தக் கணினியுடையது என்று பின்னால் புரியாது. அட்டையில் உள்ள கடைசி ஐந்தும் உதவாது, ஏனென்றால் கணினியில் டிஸ்டேட்டஸ் காட்டும் ஐந்து எழுத்து அட்டையில் உள்ளதோடு பொருந்தாது. ரிடீம் செய்யும்போது வேறொரு கீ உருவாகி அதுவே நிறுவப்படுகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் நிறுவியவுடன் டிஸ்டேட்டஸ் ஓட்டி, கணினிப் பெயர், கணக்கு, கடைசி ஐந்து மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அட்டையையும் பில்லையும் அதனோடு பின் அடித்து வையுங்கள்.

இரண்டு, விலை. சில நூறு ரூபாய்க்கு ப்ரொஃபஷனல் பிளஸ் கீ என்று விற்பவர்களிடம் போகாதீர்கள். ப்ரொஃபஷனல் பிளஸ் கடையில் தனித்தனியாக விற்கும் பதிப்பே அல்ல. நிறுவன ஒப்பந்தத்தில் கொடுக்கும் மேக் கீயை (பல கணினிகளுக்குப் பொதுவான ஒரே கீ) வெளியே விற்கிறார்கள். அதற்கு இத்தனை முறைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்ற எண்ணிக்கை உண்டு. தீர்ந்தால் சி004சி020 என்று வரும், முடக்கினால் சி004சி003 அல்லது சி004சி060 வரும். விற்பவர் உங்களிடம் இன்ஸ்டலேஷன் ஐடி கேட்டு, பதிலுக்கு நீண்ட எண் தொடர் ஒன்றைத் தந்தால் அது இந்த வகைதான். கீ தராமல் ஒரு மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் தருகிறார்கள் என்றால் இன்னும் மோசம். வேறொருவர் நிர்வகிக்கும் கணக்கு அது. அதன் ஒன்டிரைவில் நீங்கள் சேமிக்கும் கட்சிக்காரர் கோப்பை அந்த நிர்வாகி திறந்து பார்க்க முடியும்.

பேரேடு_ஈரோடு:

விண்டோஸையே புதிதாகப் போட்டு 2024 நிறுவியாயிற்று. அக்கவுண்ட் பக்கத்தில் ப்ராடக்ட் ஆக்டிவேட்டட் என்று வருகிறது. பிஎஸ்டியும் மேக்ரோவும் சரியாகத் திறந்தன. இரண்டாவது லேப்டாப்புக்கும் 2024 வாங்கி, அதில் விண்டோஸைத் தொடாமல் 2021ஐ நீக்கிவிட்டு நிறுவினோம். அதுவும் ஆக்டிவேட்டட் என்கிறது. ஆனால் வேர்டைத் திறக்கும்போதெல்லாம் மஞ்சள் பட்டையில் லைசென்ஸ் சிக்கல் என்று வருகிறது, சைன் இன் பெட்டியில் பழைய ஊழியரின் மெயிலே முன்னால் நிற்கிறது.

சர்வர்_அறை:

இது இரண்டு மிச்சங்கள். விண்டோஸை மாற்றாததால் தங்கிவிட்டன.

பட்டைக்கு: ஆபீஸ்16 ஃபோல்டரில் டிஸ்டேட்டஸ் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு தொகுதி வரும். ஒன்றில் 2024 பெயரும் லைசென்ஸ்டு நிலையும் இருக்கும். இன்னொன்றில் 2021 பெயரோ, கிரேஸ் அல்லது நோட்டிஃபிகேஷன்ஸ் நிலையோ இருக்கும். அந்த இரண்டாவதன் கடைசி ஐந்தை மட்டும் அன்ப்கீ கட்டளையில் கொடுத்து எடுங்கள். லைசென்ஸ்டு என்று இருப்பதைத் தவறி எடுத்துவிட்டால் சைன் இன் செய்து மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டிவரும், ஆகவே தட்டுவதற்கு முன் ஐந்து எழுத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய மெயிலுக்கு: வேர்டில் ஃபைல், அக்கவுண்டில் அவர் பெயர் இருந்தால் சைன் அவுட். எல்லா ஆபீஸ் செயலிகளையும் மூடுங்கள். கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் திறந்து, மைக்ரோசாஃப்ட்ஆபீஸ்16 என்று தொடங்குபவற்றை மட்டும் நீக்குங்கள். நெட்வொர்க் பிரிண்டர், ஷேர் ஃபோல்டர் பாஸ்வேர்டும் அங்கேதான் இருக்கும், அவற்றைத் தொட வேண்டாம். பிறகு செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸில் மின்னஞ்சல் கணக்குகள் பகுதியிலும் வேலைக் கணக்குப் பகுதியிலும் அவர் முகவரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அவர் பெயரில்தான் விண்டோஸுக்குள்ளேயே நுழைகிறீர்கள் என்றால், முதலில் அட்மின் உரிமையோடு வேறு பயனர் கணக்கு உருவாக்கி, கோப்புகளை அங்கே மாற்றிய பிறகே பழையதை நீக்க வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்து வேர்டைத் திறந்தால் சைன் இன் பெட்டி காலியாக வரும். அதில் அலுவலகக் கணக்கைக் கொடுங்கள்.